ராஜாவின் கவசமும் ராணியின் கழுத்தும்

உடுப்பு அறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கு,

இதையெல்லாம் எழுத எனக்குத் தகுதி இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அலவத்துகொடையில் ஏழாம் வகுப்பு வரை படித்தவன் நான். மனிதரோடு பேசும்போது கையில் ஊசியாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கையை எங்கே வைப்பது என்று தெரியாது. போன மாதம் நம் நாடக சபையில் எனக்குப் பிரியாவிடை வைத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னபோது, கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு "வந்தவங்க எல்லாருக்கும் சந்தோசம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதித் தருகிறேன். பிழையான இடங்களைத் தையலைப் பிரிப்பது போலப் பிரித்துவிட்டு நீங்களே சரியாகத் தைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஐம்பதாக இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. கண்தான் முந்திக்கொண்டது. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரியாதவன் உடுப்பு அறையில் இருந்து என்ன செய்வது?

துணியை எப்படி வெட்டுவது, அரிதாரத்தை எப்படிக் குழைப்பது என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அதை யாராவது காட்டித் தருவார்கள். நான் ஒரு வெள்ளைச் சேலையைப் பற்றியும், முத்தையாவின் முகத்தைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன்.

உங்களில் முத்தையாவை மேடையில் பார்க்காதவர்களும் இருக்கலாம். அவர் கடுகண்ணாவையில் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்தார். பருப்பும் கருவாடும் நிறுத்துக் கொடுத்துவிட்டு, பின்னேர ரயிலில் ஒத்திகைக்கு வருவார். நம் சபையில் பெண்கள் நடிக்காத காலம் அது. ராணி, ராஜகுமாரி என்று எந்த ஸ்திரீபார்ட் வந்தாலும் அது முத்தையாவுக்குத்தான். ஒல்லி உடம்பு, நீண்ட கழுத்து. குரலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கேட்டவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

என் தையற்கடை கண்டிச் சந்தைக்குப் பின்னால் இருந்தது. தோட்டத்துத் துரைசானிமார் கவுன்களைத் திருத்தக் கொண்டு வருவார்கள். சீமையிலிருந்து கப்பலில் வரும் படப் பத்திரிகையில் ஒரு பக்கத்தைக் கிழித்து எடுத்து வந்து, இப்படி வேண்டும் என்று விரலால் காட்டுவார்கள். வேலை முடிந்த பிறகு அந்தப் பக்கத்தை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. படமே எனக்குப் போதும். கை எங்கே மடங்குகிறது, துணி எங்கே விழுகிறது, கழுத்து எவ்வளவு தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். பக்கங்களையெல்லாம் அலுமாரியின் மேல்தட்டில் அடுக்கி வைத்திருந்தேன். சபைக்கு உடுப்புத் தைக்கச் சொன்னபோது நான் திறந்த பள்ளிக்கூடம் அந்த அலுமாரிதான்.

முதல் நாடகத்தில் ராணிக்குக் கலியாணக் காட்சி ஒன்று இருந்தது. அலுமாரியில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு பக்கம் இருந்தது. ஒரு சீமைப் பெண் படிக்கட்டில் நிற்கிறாள். உடம்பெல்லாம் பாலாய் வழிகிற சட்டை. உதடு மட்டும் மை தொட்டது போலக் கறுப்பு. அந்தப் படத்தை ஒரு மாதம் பார்த்தேன். பிறகு முத்தையாவுக்கு வெள்ளைச் சாட்டினில் சேலை தைத்து, உதட்டுக்குக் கறுப்பும் கபிலமும் கலந்து பூசி அனுப்பினேன். நானே திரைக்குப் பக்கத்தில் நின்று ரசித்தேன்.

முத்தையா மேடையில் வந்து நின்றதும் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"என்னடி இது, மாப்பிள இன்னும் வரவே இல்ல, அதுக்குள்ள வெள்ளச் சீலையா?"

"வாயப் பாரு. நாவப்பழம் தின்னுட்டு வந்திருக்கா."

"பாவம், பசி போல."

சிரிப்பு அடங்க வெகுநேரமானது. மாப்பிள்ளை வேடக்காரர் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டுவதா வேண்டாமா என்று நின்றார். வெள்ளைச் சேலை கட்டின மணப்பெண்ணை நம் சனங்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரியாதவனா நான்? எங்கள் வீட்டிலேயே வாப்பா மௌத்தாகி உம்மா கைம்பெண்ணான பிறகு வெள்ளை உடுத்தியிருந்ததை நாலு மாதமும் பத்து நாளும் பார்த்தவன். ஆனால் படத்தைப் பார்த்த கண்ணுக்கு உம்மா ஞாபகம் வரவில்லை. உங்களுக்கும் இது நடக்கும். ஒரு படம் மிகவும் பிடித்துவிட்டால், அதைப் பார்க்கப்போகிற சனங்களை மறந்துவிடுவீர்கள்.

நான் உடுப்புப் பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். முத்தையா உள்ளே வந்து என்னைத் தேடிப் பிடித்தார்.

"பாய், அடுத்த தடவ நாவப்பழத்துக்குப் பதிலா மாம்பழம் குடுங்க. மஞ்ச வாயி நல்லா இருக்கும்."

அவ்வளவுதான் அவர் சொன்னது. அந்த மனிதரிடம் நான் அன்றைக்குப் பட்ட கடன் ஒன்று உண்டு. அதைத்தான் பிறகு எழுதப்போகிறேன்.

அன்று சபையைப் படம் பிடிக்க ஒரு ஸ்டூடியோக்காரர் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர், வாய் ஓயாதவர். பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். எல்லாரும் போன பிறகு அவர் என் பெட்டிக்கு முன்னால் குந்தினார். எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல 'நானா' என்றுதான் என்னைக் கூப்பிடுவார்.

"நானா, அந்தச் சீலை எங்கேயிருந்து எடுத்த யோசனை?"

பக்கத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"நாளைக்கு ஸ்டூடியோவுக்கு வாங்கோ. மூண்டு துண்டு ரிப்பனும் கொண்டு வாங்கோ. சிவப்பு, நீலம், மஞ்சள்."

ஸ்டூடியோவின் ஒரு பக்கக் கூரை முழுதும் கண்ணாடி. ரிப்பன்களைப் பலகையில் குத்தி வைத்தார்.

"இது என்ன நிறம்?"

"சிவப்பு."

"இது?"

"நீலம். நான் டெய்லர், தம்பி. எனக்கு நிறம் தெரியும்."

"நல்லா வடிவாய்ப் பாத்துக்கொள்ளுங்கோ. பிறகு நான் மாத்திப்போட்டன் எண்டு சொல்லக் கூடாது."

இரண்டு நாள் கழித்துப் படத்தைக் கையில் தந்தார். சிவப்பு ரிப்பன் கறுப்பாகிவிட்டது. நீலம் வெள்ளையாகிவிட்டது. மஞ்சள் சேற்று நிறம்.

"உங்கட துரைசானி நிண்டது நீலச் சட்டையோட. வாயில பூசியிருந்தது சிவப்பு. கமராவுக்கு நிறம் தெரியாது நானா. அதுக்குத் தெரியாத ஒண்டை நீங்கள் அதுக்கிட்டயே போய்க் கேட்டிருக்கிறியள்."

"அப்ப அதுக்கு என்னதான் தெரியும்?"

"வெளிச்சம். அது ஒண்டுதான் தெரியும். அதைக் கேளுங்கோ, சரியாச் சொல்லும்."

அன்றிலிருந்து மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கடையைச் சாத்திவிட்டு ஸ்டூடியோவுக்குப் போவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஆட்கள் படம் பிடிக்க வரும்போது நான் மூலையில் நிற்பேன். வயதான ஒருவரை உட்கார வைத்தால், கண்ணுக்குக் கீழே குழி, கன்னத்தில் பள்ளம் எல்லாம் மேலிருந்து விழும் வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரியும். ஸ்டூடியோக்காரர் ஒரு வெள்ளைப் பலகையை எடுத்து அவருடைய மடியில் சாய்த்து வைப்பார். படத்தில் அது வராது. ஆனால் அந்தப் பலகையில் பட்ட வெளிச்சம் மேலே திரும்பி முகத்துக்குப் போகும். பள்ளமெல்லாம் மேடாகிவிடும். ஆளுக்கு ஐந்து வயது குறைந்துவிடும்.

ஒரு நாள் என் அலுமாரிப் பக்கங்களைக் கட்டாகக் கொண்டுபோனேன். முத்துமாலை அடுக்கடுக்காகப் போட்ட ஒரு பெண்ணின் படத்தில் விரலை வைத்து அவர் சொன்னார்:

"இது முத்து எண்டோ நினைக்கிறியள்? விளக்கு. முகத்துக்குக் கீழ ஒரு விளக்கைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாங்கள்."

அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு அந்தப் பேச்சுதான்.

படம் பிடிப்பதைப் பற்றி இவ்வளவு. சித்திரத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்தில் கல்லுக்குள் குடைந்த பழைய பன்சலை, பௌத்த விகாரை, ஒன்று இருக்கிறது. என்னிடம் சட்டை தைக்கிற ஒரு மேளக்காரர், சுவரில் பழைய ராணிமாரின் படம் இருக்கிறது, வந்து பார் என்று கூட்டிப்போனார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றேன். உள்ளே இருந்த ஹாமதுரு, அந்தப் பன்சலையின் பிக்கு, சிங்களத்தில், பார்க்கத்தானே வந்தீர், வந்து பாரும் என்றார். உள்ளே ஒரே ஒரு எண்ணெய் விளக்கு. வாசலில் நின்றே சுவரிலிருந்த எல்லாரையும் என்னால் எண்ண முடிந்தது. அதுதான் எனக்கு அதிசயம். பெற்றோமாக்ஸ் நாலு கட்டினாலும் நம் ராஜாவுக்கு மூக்கு எங்கே வாய் எங்கே என்று பின்வரிசைக்குத் தெரிவதில்லை. இங்கே ஒரு திரியின் வெளிச்சத்தில் கண்ணிமை தெரிகிறது.

கிட்டப் போய்ப் பார்த்தேன். முகத்தில் நிழலே தீட்டவில்லை. கன்னம் வெறும் தட்டை நிறம். கோடுதான் எல்லாம். கண்ணின் கோடு கண்ணோடு நிற்காமல் காது வரை இழுத்துக்கொண்டு போகிறது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நம் கண்ணும் போகிறது. கன்னத்தை யாரும் பார்ப்பதில்லை. பின்னால் முழுக்கச் சிவப்பு. வெள்ளை நிறம் நகையில் மட்டும்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி சோற்றைப் போட்டுக்கொண்டே, "பன்சலைக்குப் போய்ப் பொம்பிளப் படம் பாத்துட்டு வாற டெய்லர இப்பதான் பாக்குறன். பள்ளிவாசல்ல கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றாள்.

"தையல் வேல எண்டு சொல்லுவன்."

"தையல் வேலதான். ரெண்டாவது கறி இல்ல, சாப்பிடுங்க."

இவையெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். தெரிந்திருந்தும் நான் இனிச் சொல்லப்போகிற நாளில் பாதி ஆட்டம் வரை மடையனாகத்தான் இருந்தேன்.

முத்தையாவுக்கு அம்மை போட்டது. மூன்று மாதம் ஆள் வரவில்லை. திரும்பி வந்தபோது இரண்டு கன்னமும் குழி குழியாக இருந்தது. ஒத்திகைக்கு வந்தவர் வாசலிலேயே நின்றார். யாரும் அவரை நேரே பார்க்கவில்லை. அதுதான் அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

அப்போது சபையின் காரியதரிசியாக இருந்தவர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். யாழ்ப்பாணத்தவர், நேரம் தவறாதவர், கெட்ட மனிதர் இல்லை. சபைக்கு அந்த வருடம்தான் புது மண்டபம் கிடைத்திருந்தது. மின்சார வெளிச்சம். பெற்றோமாக்ஸில் மறைந்தது மின்சாரத்தில் மறையாது என்று அவர் சொன்னது நியாயம்தான். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவருக்கு ராணியின் பாட்டெல்லாம் பாடம். முகமும் மழமழவென்று இருக்கும். ராணி வேஷத்தை அவருக்குக் கொடுப்பது என்று காரியதரிசி முடிவு செய்தார்.

"முத்தையா, குறை நினையாதையும். உமக்கு மந்திரி வேஷம் தாறன். தாடி வைச்சால் ஒண்டும் தெரியாது."

முத்தையா என் பக்கம் திரும்பினார். நான் பொத்தான் தைப்பது போல் குனிந்துகொண்டேன். பிறகு அவர் தனியாக என்னிடம் வந்தார்.

"பாய், கடையில நான் பருப்பு நிறுக்கிறவன். ஒரு பய நிமிந்து பாக்க மாட்டான். பன்னெண்டு வருசமா அந்த மேடையில ஏறினாத்தான் நாலு பேரு என்னைய பாக்குறான். தாடிக்குள்ள ஒளிச்சு வச்சிட்டீங்கன்னா நான் எதுக்குங்க ரயிலேறி வரணும்? ஒரே ஒரு ஆட்டம். சரியில்லன்னா நானே போயிடறேன்."

நான் காரியதரிசியிடம் போனேன். என்ன சொன்னேன் என்று எனக்கே சரியாக ஞாபகம் இல்லை. முகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றது மட்டும் ஞாபகம். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவ்வளவு நீளமாகப் பேசியதை அவர் அதற்கு முன் கேட்டதில்லை.

"ஓம். இடைவேளை வரைக்கும் முத்தையா. சனம் சிரிச்சால், இடைவேளைக்குப் பிறகு வாத்தியார். பிறகு எப்பவும் வாத்தியார்தான். சம்மதமோ?"

சம்மதம் என்றேன்.

அந்த ஆட்டம் பின்னேரம் ஐந்து மணிக்கு. நான் செய்தது இது: மெழுகை உருக்கி, முத்துவெள்ளைப் பொடியோடு குழைத்து, ஒவ்வொரு குழியாக நிரப்பினேன். மூன்று மணி நேரம். அதன்மேல் அரிதாரம் பூசினேன். உடுப்பு அறைக் கண்ணாடியில் முத்தையாவின் கன்னம் பீங்கான் கோப்பை போல இருந்தது. அவர் சிரிக்கப் போனார். சிரிக்காதீர்கள் என்று தடுத்தேன். அந்த இடத்திலேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். சிரிக்க முடியாத முகத்தோடு ஒரு ஆள் எப்படிப் பாடுவது?

மேடைக்கு மேலே முன்பக்கத்தில் பல்பு ஆறு, பக்கத்துக்கு இரண்டு இரண்டு. பெரிய பல்புகள். அரை மணி நேரத்தில் மேடை வெக்கையாகிவிட்டது. இரண்டாவது பாட்டின் நடுவில் முத்தையா வாயைத் திறந்து மேல் சுரத்துக்குப் போனார். இடது கன்னத்தில் கோடு ஒன்று ஓடியது. பிறகு இன்னொன்று. தண்ணீர் வற்றிய வயல் போல வெடித்து, தாடையோரத்தில் ஒரு துண்டு கழன்று சேலையில் விழுந்தது.

"ராணிக்கு வெள்ளையடிச்சது யாரு? சுண்ணாம்பு உதிருது."

"மழ பெஞ்சா கூரையும் ஒழுகும் போல."

அந்தக் காட்சியை முத்தையா முடித்தார். ஒரு சுரம் பிசகவில்லை. திரை விழுந்ததும் உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்து, கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்தார்.

இடைவேளை பதினைந்து நிமிடம். காரியதரிசி வந்தார். பின்னால் வாத்தியார், ராணி உடுப்போடு, பொட்டும் வைத்துத் தயாராக.

"பாத்தீர்தானே, நானா. நான் ஒண்டும் சொல்லேல்லை. சனம் சொல்லிப்போட்டுது."

இந்த இடத்தைப் பற்றித்தான் உங்களுக்கு எழுத நினைத்தேன். இப்படி ஒரு நேரத்தில் உங்கள் கை இரண்டு காரியத்துக்குப் போகும். ஒன்று, வெடித்த இடத்தில் இன்னும் கொஞ்சம் பூசுவது. மற்றது, எல்லாவற்றையும் கைவிட்டுத் தலை குனிவது. என் கை மெழுகுக் கிண்ணத்துக்குத்தான் போனது. கிண்ணத்தைத் தூக்கும்போது கண்ணாடியில் முத்தையாவின் முகம் தெரிந்தது. அறையில் மேலே ஒரு பல்பு. மடியில் வெள்ளித்தாள் கிரீடம். கன்னத்தில் மெழுகு உதிர்ந்த இடத்தில் குழிகள் இருந்தன. ஆனால் அவை கறுப்பாக இல்லை. கிரீடத்தின் வெளிச்சம் கீழேயிருந்து அந்தக் குழிகளுக்குள் விழுந்துகொண்டிருந்தது.

மடியில் பலகை. முத்தில்லை, விளக்கு.

"வேண்டாம் ஐயா" என்றேன்.

"என்ன வேண்டாம்?"

"வாத்தியார் வேண்டாம். இன்னும் பதினஞ்சு நிமிசம் ஈக்கி. இடைவேள எண்டுதான் சொன்னீங்க. இடைவேள முடியட்டும்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதின்மூண்டு" என்றார். வெளியே போகவில்லை.

முத்தையாவிடம் சவர்க்காரத்தைக் கொடுத்து, எல்லாவற்றையும் கழுவச் சொன்னேன்.

"எல்லாத்தையுமா பாய்?"

"உங்கட மொகம் வரைக்கும் கழுவுங்க."

அவர் கழுவும்போது நான் தேடினேன். கிரீடத்தைக் கழுத்தில் கட்ட முடியாது. அடுத்த காட்சி ராணி வனவாசம் முடிந்து அரசசபைக்குத் திரும்புவது. சிவப்புச் சேலை. நல்லது, பன்சலைச் சுவரின் சிவப்பு. வெள்ளைச் சேலைப் பிழையை இன்னொரு தரம் செய்யப்போவதில்லை. வெளிச்சம் நகையில் மட்டும். ஆனால் அவ்வளவு அகலமான நகை எங்கே இருக்கிறது?

ராஜபார்ட் போடுபவர் மூலையில் நின்று தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அக்குறணையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர், பெரிய உடம்பு. அவருடைய மார்புக் கவசத்தை நான் ஒரு மாதமாகச் செய்திருந்தேன். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாளை உரித்தெடுத்து, கரண்டிப் புறத்தால் தேய்த்து மினுக்கி, செதில் செதிலாகத் துணியில் தைத்தது. நான் செய்ததில் அதுதான் எனக்கு ஆகப் பெருமையான சாமான்.

"நானா, அதைக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"கழட்டுங்க."

கழற்றித் தந்தார். கத்தரிக்கோலை எடுத்துத் தோளுக்குக் கீழே வெட்டினேன்.

"என்ன இது, எண்ட நெஞ்ச வெட்டிட்டீங்க!"

"அடுத்த காட்சியில நீங்க சந்நியாசி வேசம். கவசம் தேவப்படாது."

"கடைசிக் காட்சியில நான் திரும்ப ராசா."

"கடைசிக் காட்சி வரட்டும்."

வெட்டிய துண்டைப் பிறை வடிவமாக மடித்து, முத்தையாவின் கழுத்தில் வைத்து, பின்னால் நூலால் இறுக்கினேன். தாடைக்குக் கீழே தொடங்கி மார்பு வரை. அந்த முத்துமாலைக்காரியைத்தான் மனதில் வைத்துக்கொண்டேன். முகத்துக்குத் தேங்காயெண்ணெயில் கொஞ்சம் காவி, கன்னத்தில் தட்டையாக, அவ்வளவுதான். உதட்டுக்குச் சாதிலிங்கம். சிவப்பாகவே. பிறகு மையை எடுத்து, கண்ணின் கோட்டைக் கண்ணோடு நிறுத்தாமல் காது வரை இழுத்தேன். புருவத்தையும் அதே போல.

முத்தையா கண்ணாடியைப் பார்த்தார்.

"பாய், குழியெல்லாம் அப்பிடியே இருக்கே."

"இருக்கட்டும். அதப் பாக்க யாருக்கும் நேரம் வராது. இப்ப சிரிங்க."

சிரித்தார். ஒன்றும் வெடிக்கவில்லை.

இன்னும் ஒரு காரியம் இருந்தது. பக்கத்து வெளிச்சம் குழிகளைக் குறுக்கே வெட்டும். ஸ்டூடியோக்காரர் பக்கத்து யன்னல்களுக்குத் திரை இழுப்பதை ஆயிரம் தரம் பார்த்திருக்கிறேன்.

"ஐயா, பக்கத்துப் பல்பு நாலையும் அணைக்கச் சொல்லுங்க. மேல ஈக்கிறது மட்டும் போதும்."

"வெளிச்சத்தைக் குறைக்கிறதோ? இதுக்கோ காணும் நாங்கள் மின்சார மண்டபம் எடுத்தனாங்கள்?"

"அணையுங்க ஐயா."

அவர் வாத்தியாரைப் பார்த்தார், முத்தையாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தானே போய் அணைத்தார். அந்த மனிதருக்கு நான் இதற்காக என்றும் நன்றி சொல்வேன்.

திரை எழுந்தது. முத்தையா பின்பக்கத்து இருட்டிலிருந்து நடந்து வந்தார். மேல் பல்புகளுக்குக் கீழே வந்து நின்றதும் கழுத்திலிருந்த ஈயத்தாள் முழுதும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டது. அந்த வெளிச்சம் மேலே ஏறி முகத்துக்குப் போனது. குழி எங்கே என்று எனக்கே தெரியவில்லை. இடம் தெரிந்த எனக்கே தெரியவில்லை. இரண்டு நீண்ட கண் மட்டும் தெரிந்தது. கடைசி வரிசையில் நின்றவர்களுக்கும் அது தெரிந்திருக்கும். யாரும் இருமவில்லை.

பெண்கள் பக்கத்தில் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். அமைதியில் எல்லாருக்கும் கேட்டது.

"இவதான்டி ராணி. முன்னாடி வந்தது யாரோ."

முத்தையா பாடினார். முடித்ததும் "வன்ஸ்மோர்" என்றார்கள். மறுபடி பாடினார். மறுபடி கேட்டார்கள். மூன்றாம் தரம் பாடும்போது முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து நின்றே கேட்டார். பின்னாலிருந்தவர்கள் அவரை உட்காரச் சொல்லாமல் தாங்களும் எழுந்துவிட்டார்கள்.

திரை ஓரத்தில் என் பக்கத்தில் காரியதரிசி நின்றார். வாத்தியார் இன்னும் ராணி உடுப்போடு பின்னால் நின்றார். காரியதரிசி திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"வாத்தியார், உடுப்பைக் கழற்றும். நீர் மந்திரி. தாடியை ஒட்டும்."

வாத்தியார் நல்ல மனிதர். "நானே சொல்லலாமெண்டு இருந்தன்" என்று சொல்லிவிட்டுத் தாடியைத் தேடப் போனார்.

கடைசிக் காட்சியில் ராஜா, தோளில்லாத கவசத்தை ஒரு சால்வையால் மூடிக்கொண்டு வந்தார். அது புது நாகரிகம் என்று சனங்கள் நினைத்தார்கள். அடுத்த வருடம் மாத்தளையிலிருந்து வந்த ஒரு சபை ராஜாவுக்குச் சால்வை போட்டிருந்தது. அதைப் பார்த்துச் சிரித்தது முத்தையா, ராஜபார்ட்காரர், நான் என்று நாங்கள் மூன்று பேர்தான்.

ஸ்டூடியோக்காரர் அன்றைக்கும் வந்திருந்து படம் பிடித்தார். அந்தப் படம் உங்கள் அறைக் கதவுக்கு மேலே மாட்டியிருக்கிறது. வரும்போதும் போகும்போதும் பார்க்கிறீர்கள். அதில் ராணியின் சேலை கறுப்பாகத் தெரியும். அது சிவப்பு. அதைக் கறுப்பு என்று நினைத்து யாரும் தைத்துவிடாதீர்கள். கன்னத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். குழி ஒவ்வொன்றும் இருக்கிறது. நான் எதையும் மறைக்கவில்லை. அதைவிட நல்லதாக ஒன்றைப் பார்க்கக் கொடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. மூன்று மணி நேரம் மறைக்கப் பார்த்தது பதின்மூன்று நிமிடத்தில் கழுவிப் போனது. நிரப்பின கன்னத்தைவிடக் கழுவின கன்னம் அழகாக இருக்கும் என்று எனக்குச் சொல்லித் தந்தது முத்தையாவின் முகம்.

முத்தையா அதற்குப் பிறகு ஆறு வருடம் ராணியாக ஏறினார். அவராகவே போதும் என்று சொன்ன நாள் வரைக்கும் யாரும் அவருக்குத் தாடி ஒட்டவில்லை.

அந்த ஆட்டம் நடந்த மறுநாள் காலை, முத்தையா ஏழு மணி ரயிலில் கடுகண்ணாவைக்குப் போய்க் கடையைத் திறந்தார். ஒரு கண்ணில் மை சரியாகப் போகவில்லை என்று பிறகு சொன்னார். நான் ராஜாவின் கவசத்துக்கு ஈயத்தாள் கேட்டுத் தேயிலை ஸ்டோருக்குப் போனேன். ஸ்டோர் பூட்டியிருந்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.